நீல வெளிச்சத்தில் கடைசி வரிசை

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வரிசை மாறினால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

எங்கள் மாலை வகுப்பு நடக்கும் கட்டடம் ஒரு காலத்தில் நாடக அரங்கமாக இருந்தது. மாடிக் கூடத்தில் ஒரு நீளச் சுவர், அதில் ஒரு ஓவியம். பெரிய கப்பல் ஒன்று கரைக்கு வருகிறது. தளத்தில் ஆடுகிறவர்கள், குழல் ஊதுகிறவர்கள், பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி கையசைக்கும் ஒருத்தி. பாதி நிறம் போய்விட்டது. கப்பலுக்குக் கீழே, தரை வரைக்கும் ஒன்றுமே இல்லை. வெறும் சுண்ணாம்பு வெள்ளை.

அந்தச் சுவரை இடித்துவிட்டு லிஃப்ட் வைக்கப்போவதாகக் கட்டடக் குழு சொல்லியிருந்தது. எங்களுக்குப் படமெடுக்கக் கற்றுத்தரும் சார் அவர்களிடம் ஒரே ஒரு மாலை கேட்டு வாங்கினார். போன நிறங்களை லேப்டாப்பில் மீட்டு, கப்பலை அசையவைத்து, அந்தச் சுவர் மேலேயே ஒரு குறும்படமாகக் காட்டுவது. பார்த்த பிறகு குழு கடைசி முடிவு எடுக்கட்டும் என்பது ஏற்பாடு. வேலை என் தலையில் விழுந்தது.

"எதையும் ரெண்டு தடவை சரிபார்க்கிற ஆள் நீதான்" என்றார் சார்.

"ரெண்டா? கேஸ் மூடியிருக்கான்னு அஞ்சு தடவை எழுந்து பார்ப்பா சார். எங்க அவர் தங்கச்சியாச்சே, எனக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணி. என் துணைக்கென்று வகுப்பில் சேர்ந்தவள் இப்போது என்னைவிட நன்றாகக் கேமரா பிடிக்கிறாள். அது வேறு வயிற்றெரிச்சல்.

சுவரைத் துண்டு துண்டாகப் போட்டோ எடுத்து ஒட்டினோம். விரிசலுக்குள் ஒளிந்திருந்த நிறத் துணுக்குகளைப் பார்த்து நிறங்களை நிரப்பினேன். சிவப்பு கொஞ்சம் அதிகமோ என்று குறைப்பேன், குறைத்துவிட்டேனோ என்று கூட்டுவேன். எல்லாம் சரியாக வந்தது, கீழ்ப்பகுதியைத் தவிர.

"தெரியாததைத் தெரியாதுன்னே விட்டுடு. சாம்பல் நிறம் போடு" என்றார் சார்.

போட்டேன். அண்ணி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏண்டி, கப்பல் சிமென்ட் தரையிலயா வந்து நிக்குது?"

குழுவில் யாராவது சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பயந்தேன். அங்கே மணல் போட்டேன். நுரை தள்ளும் அலையும் போட்டேன். சாரிடம் சொல்லவில்லை.

இன்று மாலை குழுத் தலைவி வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "லிஃப்ட் எதுக்குன்னு இப்பப் புரியுதா?" என்று பொதுவாக எல்லோரையும் கேட்டார். கூடவே ஒரு இன்ஜினியர், குழுவைச் சேர்ந்த இன்னும் சிலர். விளக்கை அணைத்தோம். படத்தை ஓடவிட்டேன்.

சுவரில் இருந்த கோட்டின் மேல் படத்தின் கோடு சரியாக உட்கார்ந்தது. பாய் புடைத்தது. ஆடுகிறவர்களின் பாவாடைக்கு நிறம் வந்தது. கயிற்றில் தொங்கியவள் கையை அசைத்தாள். யாரோ 'அட' என்றார்கள். மணல் வந்ததும் சார் என் பக்கம் திரும்பினார். எனக்குக் காது சுட்டது.

முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். தலைவியும் தட்டினார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. இப்பத்தான் எனக்கு நிம்மதி. சுவரை எடுத்தாலும் படம் நம்ம கையில இருக்கே. லிஃப்ட் பக்கத்துல ஒரு டிவி மாட்டி நாள் பூரா ஓடவிட்டுடலாம்."

"நல்ல யோசனை" என்றார் இன்ஜினியர்.

நன்றாகச் செய்ததுதான் தப்பாகிவிட்டது. படம் எவ்வளவு முழுசாக இருக்கிறதோ அந்த அளவுக்குச் சுவர் வேண்டாததாகிவிட்டது. கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அண்ணிக்கு வந்ததே கோபம். "டிவியில போடுறதுக்கா இவ கண்ணைக் கெடுத்துக்கிட்டா?" என்று முணுமுணுத்துக்கொண்டே லேப்டாப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள்.

அப்படிப் பிடுங்கக் கூடாது. முதலில் புரொஜெக்டர், பிறகுதான் கேபிள். தினமும் நான் அந்த வரிசையில்தான் அணைப்பேன், ஒரு நாளும் மாற்றியதில்லை. இன்று புரொஜெக்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே படம் அறுந்தது. சுவர் முழுக்க ஒரே நீலம். 'சிக்னல் இல்லை' என்ற வெள்ளை எழுத்து மட்டும் ஒரு மூலையிலிருந்து நகரத் தொடங்கியது.

அணைக்கக் கையை நீட்டினேன். அப்போது அந்த எழுத்து ஒரு தலைக்கு மேலே போனதைப் பார்த்தேன்.

சுவரில் தலை.

ஒன்றல்ல. கப்பலுக்குக் கீழே, நான் மணல் கொட்டி வைத்த இடம் முழுக்கத் தலைகள். பின்னந்தலைகள். கொண்டை போட்டவை, வழுக்கை விழுந்தவை, யாரோ தோளில் ஏறிய குழந்தைகளுடையவை. வரிசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கப்பலைப் பார்த்தபடி ஒரு பெருங்கூட்டம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருந்தார்கள். நம் நிழலா என்று கையை அசைத்துப் பார்த்தேன். அவர்கள் அசையவில்லை.

"சார்" என்றேன். மறுபடி, "சார்!"

"பார்த்துட்டேன்" என்றார் அவர், மிக மெதுவாக. "யாரும் லைட் போடாதீங்க."

வெள்ளைத் தாளில் மஞ்சள் பென்சிலால் லேசாகக் கோடு போட்டால் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. நீல வெளிச்சத்தில் அதே கோடு கறுத்துத் தெரியும். அந்த மக்களை வரைந்தவர் வெறும் மஞ்சளால் வரைந்திருக்கிறார். அது வெளுத்து வெளுத்துச் சுண்ணாம்போடு சுண்ணாம்பாகிவிட்டது. இதையெல்லாம் சார் பிறகு சொல்லிப் புரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எதுவும் புரியவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

தலைவி எழுந்து சுவருக்கு அருகில் வந்தார். கடைசி வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாமதமாக வந்தவர்களை அரங்கில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தலைவி அவள் முகத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"இவங்க உன் படத்துல எங்க இருந்தாங்கம்மா? நான் கவனிக்கலையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நீலத்தில் எல்லோர் முகமும் ஒரே மாதிரி இருந்தது. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"இல்லீங்க. படத்துல இவங்க இல்ல. அந்த மணல் நானாப் போட்டது. சார் வேண்டாம்னுதான் சொன்னார். இவங்க சுவத்துல மட்டும்தான் இருக்காங்க."

"நீயாப் போட்டதா?"

"ஆமா. வெறுமையா இருந்தா நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன்."

"சிமென்ட்னு சொல்லி நான்தான் கிளப்பிவிட்டேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்று அண்ணி கையில் கேபிளோடு முன்னால் வந்தாள்.

தலைவி யாரையும் திட்டவில்லை. "இன்னும் என்னென்ன இருக்கோ, யாருக்குத் தெரியும்?" என்றார் சுவரிடமே. பிறகு திரும்பாமல், "இன்ஜினியர் சார், லிஃப்ட் பின்பக்கம் வராதா?"

"வரும்மா. ஸ்டோர் ரூமை எடுக்கணும். பிளானைத் திரும்பப் போடணும். வேலை இழுத்துட்டுப் போகும்."

"இழுக்கட்டும். இத்தனை நாள் ஏறிட்டேன், இன்னும் கொஞ்ச நாள் ஏற மாட்டேனா?" குழுவில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். "சுவர் இருக்கட்டும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கும் இல்லை. அவர்கள் சரியாகக் கேட்டார்களா என்பதே சந்தேகம். அவர்கள் கண் சுவரில் இருந்தது.

சார் என் அருகில் வந்து, "அந்த மணலை எடுத்துடு" என்றார்.

"இப்பவே எடுத்துடறேன் சார்."

"இப்ப வேண்டாம். இப்பப் பாரு."

விஷயம் எப்படித்தான் கீழே போனதோ, தையல் வகுப்பில் இருந்தவர்கள் மேலே வந்தார்கள். கணக்கு வகுப்பும் வந்தது. வாசலில் பேசிக்கொண்டே வந்தவர்கள் உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். நாற்காலி போதவில்லை. நாங்கள் தரையில் உட்கார, ஒவ்வொருவராக எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். முன்னால் சுவரில் அவர்கள், பின்னால் தரையில் நாங்கள், எல்லோருக்கும் எதிரே அந்தக் கப்பல். மூச்சுவிடும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எங்கள் மூச்சுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது.

அப்போது பின்னால் இருந்து ஒரு பெண் குரல், கொஞ்சம் எரிச்சலோடு:

"முன்னாடி இருக்கறவங்க கொஞ்சம் தலையைக் குனிங்க. மறைக்குது."

நானும் அண்ணியும் சட்டென்று குனிந்தோம்.