அவரு இல்லீங்க

1

இந்தக் கதை ஒரு திருத்த அறிவிப்பாகத் தொடங்கியது. 'அழைப்பிதழில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்' என்று ஒரே வரி போதும் என்றார்கள் எங்கள் உணவுக் குழுவினர். ஒரு வரியில் அடங்குகிற பிழையா அது? உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை நான் சாகடித்திருந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஏரியூருக்கு மேற்கே, செம்மண் பூமியில், விடியலின் பொன்னொளி...'

வேண்டாம். இந்த நடைதான் ஆளைக் கொன்றது. நேராகச் சொல்கிறேன்.

ஏரியூர்ப் பக்கம் சுகுணாவின் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம். கடை உரமும் மருந்தும் போடாமல் சாமை, ராகி, அவரை விளைவிக்கிறார்கள். சாமையில் உமி நீக்கும் மெஷின் ஒன்று ஊருக்குள் வந்தால் அரிசியாகவே விற்கலாம். கையில் ஏதாவது நிற்கும். அதற்கு நிதி திரட்டத்தான், அந்த நிலத்தில் விளைந்ததைச் சமைத்து முப்பது பேருக்கு விருந்து. அழைப்பிதழ் எழுதுவது என் வேலை. சுகுணாவுக்குப் போன் செய்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"அவரு இல்லீங்க. எல்லாம் நான் ஒருத்தியேதான் பாத்துக்கறனுங்க."

(வாசகரே, நீங்கள் என்ன புரிந்துகொண்டிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.)

'கணவரை மண்ணுக்குக் கொடுத்த பெண், அதே மண்ணில்...' என்று எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

3

ஞாயிறு காலை போய் இறங்கினோம். சுகுணா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வரவேற்றார். புரட்சிப் பெண் என்று மனதுக்குள் பாராட்டினேன்.* அவருக்குப் பின்னால், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

"நாந்தாங்க நவநீதன், சுகுணா வூட்டுக்காரரு. பெங்களூர்ல கட்டட வேல. உங்க அழைப்ப இவ படிக்காமயே எனக்கு அனுப்பிட்டா. பஸ்ஸுல வரப்ப படிச்சங்க. ஓசூர் தாண்டறதுக்குள்ள எனக்கே அழுக வந்துருச்சு. நல்லா எழுதியிருக்கீங்க."

* அதையும் ஒரு வாக்கியமாக்கி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

4

நான் எழுதிப் பார்த்த நவநீதன் இந்த இடத்தில் என் சட்டையைப் பிடித்தார். பொருந்தவில்லை. நிஜ நவநீதன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மெசினு வந்தா நான் இங்கியே இருந்துக்குவேன் சார். வந்தவங்க மனசு மாறிடக் கூடாது. பந்தி முடியற வரைக்கும் மாட்டுக் கொட்டாயில இருந்துக்கறன்."

எனக்குச் சரியென்றே பட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டது.

சுகுணாதான் விடவில்லை. "உசுரோட இருக்கறவர ஒளிச்சு வெச்சு எங்களுக்கு ஒரு மெசின் வரணுமாங்க? எல போட்டதும் நீங்களே எந்திரிச்சுச் சொல்லிருங்க."

5

சொன்னேன். முப்பது பேரும் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். பென்னாகரத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் ஸ்டெஃபி, பரிமாறிக்கொண்டிருந்த நவநீதனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதானா அவரு?"

"ஆமாங்க," என்றார் நவநீதன், கரண்டியும் கையுமாக.

"துக்க வூட்டுல எப்படிங்க வயிறு நெறையச் சாப்புடறதுன்னு கூச்சப்பட்டுட்டு உக்காந்திருந்தன். இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."

சிரிப்பு கடைசி இலை வரைக்கும் போனது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர் ஒருவருமில்லை. அப்பாடா என்றிருந்தது. நானும் உட்கார்ந்து, அவரைக்காய்க் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

6

மெஷினுக்குச் சொல்லியாயிற்று. வந்து சேர ஒரு மாதமாகும். அதற்கு முன்னால் திங்கட்கிழமை வரும், பெங்களூர் பஸ்ஸும் வரும்.

முடிவு ஒன்று: நவநீதன் மேஸ்திரிக்குப் போன் செய்து, இனி வேலைக்கு வரவில்லை என்று...

முடிவு இரண்டு: இன்னும் ஒரு மாசந்தானே என்று பையை எடுத்து...

இரண்டையும் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு முறை அவருக்கு முடிவு எழுதியவன் நான், போதும். இனி உங்கள் பாடு. அவரை ஊரில் இருத்துங்கள், இல்லை பஸ் ஏற்றுங்கள். எதை எழுதுவதாக இருந்தாலும், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.