ஐம்பத்தெட்டாவது இதழ்

வானதி பச்சரிசி டின்னின் மூடியில் கை வைத்தபோது, கூடத்தில் உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி எழுந்து அடுக்களைக்குள் வந்துவிட்டாள்.

"விடு வானதி. நான் எடுக்குறேன்."

"நீங்க ஏன் அண்ணி எழுந்து வந்தீங்க? வாய்க்கரிசிக்கு ரெண்டு படி அரிசி, நான் எடுக்க மாட்டேனா?"

"விடுன்னேன்ல."

வானதி செத்துப்போன ரெத்தினத்தின் தங்கை. அண்ணி குரலில் இருந்த கடுமையைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு முறத்தை நீட்டினாள். செவ்வந்தி மேலாக அள்ளினாள். மூன்றாம் முறை படியின் விளிம்பு உள்ளே எதிலோ உரசியது. போதும் என்று மூடினாள்.

பதினொரு நாளைக்கு முன்னால் அந்த ரிஜிஸ்டர் தபாலை இந்த டின்னுக்குள் புதைத்தவள் அவள்தான். பச்சரிசி பொங்கலுக்கும் பலகாரத்துக்கும்தான், இப்போதைக்கு யாரும் அதற்குள் கை விடமாட்டார்கள் என்று நினைத்தாள். வாய்க்கரிசிக்கும் பச்சரிசிதான் வேண்டும் என்பது அன்றைக்குப் புத்தியில் வரவில்லை.

ரெத்தினம் குத்தாலத்தில் முப்பத்துநாலு வருஷம் தபால்காரர். சின்ன வயசில் பொட்டுக்கடலை மடித்து வந்த தாளில் அவருக்கு ஒரு படக்கதையின் ஒரு பக்கம் கிடைத்தது. வண்டிச் சக்கரத்தைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடிப்போகும் ஒரு தவளையின் கதை. 'கிலுகிலுப்பை' என்ற சிறுவர் பத்திரிகையில் வந்தது. மயிலாடுதுறையில் ஒரு சின்ன அச்சகத்தில் ஐந்து வருஷம் அச்சாகி, நின்றுபோன பத்திரிகை. ஓய்வு பெற்ற மறுவாரமே, தவளையைப் போல அவரும் தேடக் கிளம்பிவிட்டார். பழைய பேப்பர் கடைகள், மூடிப்போன அச்சகத்தின் பரண், படம் போட்டவரின் பேரன் வீடு. வேதாரண்யத்தில் ஹாஜா மைதீன் என்ற உப்பு வியாபாரியிடம் பன்னிரண்டு புத்தகங்கள் கிடைத்த அன்று மழையில் தொப்பலாக வந்து, தலையைத் துவட்டாமல் புத்தகங்களைத் துவட்டிக்கொண்டிருந்தார். அச்சானது மொத்தம் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு கிடைத்துவிட்டன. தவளைக் கதை முடிவது ஐம்பத்தெட்டில்.

அதுவரைக்கும் செவ்வந்திக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாதங்கி டீச்சர் வந்த பிறகுதான்.

டீச்சர் மயிலாடுதுறையில் தனியாக இருந்தார். சின்ன வயசில் அவர் வீட்டுக்கு அந்தப் பத்திரிகை தபாலில் வந்ததாம். அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். இவர் தேடிக் கொண்டுவருவார், டீச்சர் எழுதுவார். எட்டு வருஷமாகத் தினம் நாலு மணிக்குப் போன். அதற்கு முன்னால் ரெத்தினம் பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொள்வார். செவ்வந்தியிடம் பேச ஒருநாளும் அது வேண்டியிருந்ததில்லை.

வீட்டில் 'புக்கு' என்றவர் போனில் 'இதழ்' என்றார். "அந்த ஒரு இதழ் மட்டும் கெடைச்சிட்டா போதும் டீச்சர், நிம்மதியா கண்ண மூடிடுவேன்" என்று அவர் சொன்னதை ஒருநாள் வானதி கேட்டுவிட்டாள்.

"எந்த இதழு அண்ணி? மேல் இதழா, கீழ் இதழா?"

அடுக்களையில் எல்லாரும் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்தாள். அவள் பத்தாவது படித்தவள், இதழ் என்றால் என்ன என்று தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பு நெஞ்சில் இறங்காமல் நின்றது.

அவர் படுத்த படுக்கையான பிறகு அந்தத் தபால் வந்தது. அனுப்புநர் இடத்தில் டீச்சர் பேர். தொட்டதுமே தெரிந்துவிட்டது, டீச்சர் எங்கேயோ தேடிப் பிடித்த அந்தக் கடைசிப் புத்தகம். கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். டீச்சர் போன் செய்தால், "தூங்குறாங்க" என்று வைத்தாள்.

மத்தியானம் ஆனால் அவர் கேட்பார்: "தபால் வந்துச்சா?"

"இன்னிக்கு ஒண்ணுமில்லீங்க."

வாசலில் காத்து நின்ற எத்தனையோ பேருக்கு அவர் சொன்ன சொல் அது. கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, வேறு வேலை இல்லாததாலோ என்னவோ, பல் இல்லாத வாயால் அவளோடு பேசுவார். எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தியது, மணியார்டர் வாங்கிக்கொண்டு யார் அழுதது, பெண் பார்க்க வந்த அன்று அவள் வீட்டு இலக்கத்தைத் தப்பாகப் படித்துவிட்டு எதிர்வீட்டில் போய் உட்கார்ந்தது. கல்யாணமான நாற்பது வருஷத்தில் அப்படி அவர் பேசியதில்லை. ஒவ்வொரு நாளும் தபாலைக் கொடுப்பது அவளுக்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

நேற்று அவர் கேட்கவில்லை. இன்று விடியற்காலையில் போய்விட்டார்.

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. கூடத்தில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தலைமாட்டில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்த செவ்வந்தியிடம் வானதி குனிந்து காதோடு சொன்னாள்: "இதழு வந்துருக்கு அண்ணி."

மாதங்கி டீச்சர் கும்பிட்டுவிட்டுச் செவ்வந்தி பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன் பண்ணிண்டே இருந்தேன். தூங்கறார்னேள்."

"தூங்கிட்டுதான் இருந்தாங்க."

"ரிஜிஸ்டர் ஒப்புதல் அட்டை திரும்பி வந்துது. அதுல உங்க கையெழுத்துதான்." குரலைத் தாழ்த்தினார். "பார்த்துட்டாரா? அது மட்டும் சொல்லுங்கோ."

பார்த்துட்டாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. அடுத்து, என்ன சொன்னார் என்று டீச்சர் கேட்பார். அதற்கும் ஏதாவது சொல்ல வேண்டும். டீச்சர் அதையும் எடுத்துக்கொண்டு போய் எழுதிவிடுவார்.

"இல்ல டீச்சர். நான் குடுக்கல."

டீச்சரின் கை உடனே விலகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விலகியது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"பத்திரமா இருக்கோல்லியோ? வேற பிரதியே கிடையாது."

"இருக்கு."

"நான் எடுத்துண்டு போறேன். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. புஸ்தகத்துல அவர் பேரையும் கட்டாயம் போட்டுடறேன்."

பேரையும். அந்த 'யும்' செவ்வந்திக்குள் மீன்முள்ளாகக் குத்தி நின்றது.

அவள் இரண்டாம் முறையாக எழுந்தாள். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுக்களையில் டின்னைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். பொட்டலத்தோடு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஊர்ல எல்லாரும் நிக்கிறாங்க" என்றான் மகன் புகழேந்தி. "வாய்க்கரிசி போட்டுட்டுத் தூக்கணும்."

"நிக்கட்டும். அப்பாவுக்குத் தபால் ஒண்ணு இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, வானதியைப் பார்த்தான். வானதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

செவ்வந்தி உறையை ஓரமாகப் பிரித்தாள். உள்ளே மக்கிய தாள், மெலிசாக, கை பட்டால் உதிர்ந்துவிடும் போல இருந்தது. பச்சை மை மங்கியிருந்த அட்டையில் தவளை தொப்பி போட்டிருந்தது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, படக்கதை வந்த இடத்தில் நிறுத்தினாள். அவர் காதருகே குனிந்து வாசிக்கத் தொடங்கினாள். உதடு அசைவது தெரிந்தது, சத்தம் வெளியே வரவில்லை. ஒரு படம் முடிந்ததும் அதில் விரலை வைத்துக் கொஞ்சம் பொறுத்து, அடுத்த படத்துக்குப் போனாள்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பாயில் ஒரு கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

செவ்வந்தி நிமிரவில்லை. பக்கத்தைக் கொஞ்சம் ரெத்தினத்தின் முகத்துப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.