நல்ல காலின் அளவு

1

இந்தக் கதையை நேற்று மதியமே முடித்துவிட்டேன். முடிந்த கதைக்குள் ஒரு மோசடி நடந்திருப்பது சாயங்காலம்தான் தெரிந்தது. செய்தவள் நான் உண்டாக்கிய பெண்.

கண்டுபிடித்தவள் என் தங்கை. பிசியோதெரபிஸ்ட். அவள் வேலையைப் பற்றிப் பேசியதைக் கேட்டுத்தான் எழுதவே ஆரம்பித்தேன். சரிபார்க்க அவளிடமே கொடுத்தேன்.

2

(முதல் தொடக்கம்: "விழுந்து எழுவதே விளையாட்டின்..." வேண்டாம். மூட்டை தூக்கிப் பிழைத்தவர் என் அப்பா. நான் இப்படி எழுதினால் சிரிப்பார்.)

என் கதாநாயகிக்குத் தவளை என்பது பட்டப்பெயர். வாலிபால் வலைக்கு மேல் அவள் எம்பும் உயரத்துக்காகத் தோழிகள் வைத்தது. ஓர் ஆட்டத்தில் எம்பி இறங்கியபோது இடது முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன். பிறகு பிசியோ அக்காவின் அறை: ஆளுயரக் கண்ணாடி, ரப்பர் பட்டைகள், தரையில் ஒட்டிய அளவு நாடா. மடக்கு, நீட்டு, ஒற்றைக் காலில் நில். மாதக்கணக்கில் இதே பாட்டு.

ஐந்தாம் மாதம் ஒற்றைக் காலால் தாண்டச் சொன்னார். நல்ல கால், 150 சென்டிமீட்டர். அடிபட்ட கால், 96.

"நல்ல காலு போற தூரத்துல நூத்துக்குத் தொண்ணூறாவது இது போகணும். அப்பதான் கோர்ட்டுல இறங்கலாம்."

"வலியே இல்லக்கா."

"வலி நிக்கிறது வேற, ஆறுறது வேற. உன் வாயை நான் கேக்கல. காலு சொல்லட்டும்."

* எங்கள் வீட்டில் வலி நின்றால் மறுநாளே மூட்டை தூக்கப் போக வேண்டும். அப்பாவின் இடுப்பு அப்படித்தான் போனது.

3

ஒன்பதாம் மாதம். சனிக்கிழமை ஒரு தொழிற்சாலை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேறினால் நிரந்தர வேலை. ஆடலாம் என்று பிசியோ அக்கா கையெழுத்திட்ட தாள் வேண்டும்.

நல்ல கால், 120. அடிபட்ட கால், 112. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! அக்கா கையெழுத்துப் போட்டார். தவளை அழுதாள். நானும் கொஞ்சம்.

முற்றும் என்று எழுதினேன்.

4

"அண்ணா, இவ உன்னை ஏமாத்திட்டா."

"யாரு?"

"உன் தவளைதான். நல்ல காலு அன்னிக்கு நூத்தம்பது. இன்னிக்கு எப்படி நூத்தியிருபது ஆச்சு?"

"மறந்து தப்பா எழுதியிருப்பேன்."

"தப்பில்ல. நிஜத்துலயே செய்வாங்க. நல்ல காலை வேணும்னே குறைச்சுத் தாண்டினா, அடிபட்ட காலு தானா பாஸாயிடும். என்கிட்டயே ஒருத்தி செஞ்சா."

"அப்புறம்?"

"நானும் பழைய தாளைப் புரட்டல. கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது ஆட்டத்துல மறுபடி அறுந்துடுச்சு."

இத்தனை வருடத்தில் அவள் இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. 150க்கு 112 எவ்வளவு என்று தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். எழுபத்தைந்துகூட இல்லை. நான் அந்தப் பெண்ணை வாழ்த்தி அனுப்பியிருக்கிறேன்.

5

கையெழுத்தை அடித்தேன். வேறு முடிவு தேடினேன்.

("ஏமாத்துக்காரி, இனிமே இந்தப் பக்கம்..." இல்லை, பிசியோ அக்கா என் தங்கையைப் பார்த்து எழுதியவர். என் தங்கை யாரையும் துரத்த மாட்டாள்.)

(அக்கா தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார். எழுதக் கை வரவில்லை.)

மிஞ்சியது இதுதான். பிசியோ அக்கா ஐந்தாம் மாத அளவுத் தாளையும் இன்றைய தாளையும் அருகருகே வைக்கிறார்.

"என்னடி, நல்ல காலுக்கு வயசாயிடுச்சா?"

தவளை நிமிரவில்லை. "இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற என்னக்கா இருக்கு?"

"தெரியல. அளக்காமலே கையெழுத்துப் போடுறவங்க ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. கதவு தொறந்துதான் இருக்கு. இங்கயே இருக்கிறதா இருந்தா, வலது காலால முழுசாத் தாண்டு. மிச்சத்தை இன்னும் மூணு மாசத்துல பாத்துக்கலாம்."

தவளை கதவைப் பார்க்கிறாள். பிறகு கோட்டில் வந்து நிற்கிறாள். இடது காலைத் தூக்கிக்கொள்கிறாள். குனிந்து, முழங்காலை மடக்குகிறாள். எவ்வளவு பலத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என்னை ஒருமுறை ஏமாற்றியவள். இந்தத் தடவை நீங்கள் அளந்து எழுதுங்கள்.

வலது கால்: ............ செ.மீ.