மஞ்சள் கோடு நின்ற இடம்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டுப் புல்தரையில் கிடந்த ஒரு கோட்டிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் மண்ணைத் தோண்டுமுன் ஒரு எண்ணை அழைத்துச் சொல்லவேண்டும்; ஆள் வந்து, பூமிக்கடியில் ஓடுவதையெல்லாம் மேலே சாயத்தால் வரைந்துவிட்டுப் போவார். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு. மார்லீன் வீட்டு மஞ்சள் கோடு சாலையிலிருந்து வந்து, சுவரிலிருந்த மீட்டரோடு நின்றிருந்தது.

2

‘வானம் மூட்டமாக இருந்த அக்டோபர் காலையொன்றில் மார்லீன்…’

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை. கொல்லையில் பட்டுப்போன மேப்பிள் மரத்தை வெட்டியாகிவிட்டது, அடிக்கட்டைதான் பாக்கி. அதை அரைத்தெடுக்க இயந்திரத்தோடு வந்தவன் ட்வைட். கட்டைக்கு அப்பால் இருந்த கராஜை எட்டிப் பார்த்தான். அதற்குள்தான் மார்லீன் நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துப் பிழைக்கிறாள்.

“உள்ள ஹீட்டர் எதுல ஓடுது மேடம்?”

“கேஸ்லதான்.”

“குழாய் எந்தப் பக்கமா போகுது?”

“கோடு போட்டவங்க ஒண்ணும் சொல்லலையே?”

“மீட்டர் வரைக்கும்தான் அவங்க பொறுப்பு. அதுக்கு இந்தாண்ட உங்க சொந்தக் குழாய். மெஷின் பல்லு அதுல பட்டுச்சுன்னா, இப்படி நின்னு பேசிட்டிருக்க நாம இருக்க மாட்டோம். போட்ட ஆளையே கேளுங்க.”

போட்ட ஆள் ரஸ்ஸல். அவளுடைய முன்னாள் கணவன். ஊரின் மறுகோடியில் இன்னொருத்தியோடு வாழ்கிறான். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்த பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

3

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழுகிறவள் இல்லை. அடித்துவிட்டேன்.)

“குழாய் எங்க?” என்றாள் போனில்.

“யாரு… மார்லீனா?”

“வேற எவ உன்கிட்ட குழாயக் கேப்பா?”

வந்தான். முதல் வேலையாக மீட்டரடியில் வால்வை மூடினான். “மரத்துக்கு வலப் பக்கம்” என்றான்.

“தோண்டின மண்ண என் ரோஜா மேல கொட்டிச் சாகடிச்சியே, அது இடப் பக்கம்.”

“ரோஜா தானா செத்துச்சு.”

“ஆமா, எல்லாமே தானாத்தான் செத்துச்சு.”

ஆளுக்கொரு மண்வெட்டியோடு ஆளுக்கொரு பக்கம் தோண்டினார்கள். ட்வைட் வண்டியில் சாய்ந்து சாண்ட்விச் தின்றான். வலப்பக்கம் இல்லை. இடப்பக்கமும் இல்லை. கட்டையடியில் ரஸ்ஸல் கையால் மண்ணை விலக்கினான். தடித்த வேர் இரண்டு, குழாயைப் பாம்பு போலச் சுற்றியிருந்தன.

“நான் போடுறப்ப இந்த மரம் கட்டைவிரல் தண்டிதான்” என்றான், தனக்கே சொல்வதுபோல.

ட்வைட் எட்டிப் பார்த்தான். “இத நான் தொட மாட்டேன். குழாய மாத்திட்டுக் கூப்பிடுங்க.”

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் சமையலறையில் காப்பி குடிக்கிறார்கள், இனிப்பு தாங்கவில்லை. இன்னொன்றில் அவள் அவனைத் துரத்திவிட்டு வேறு ஆளை… அதையும் பாதியில் விட்டேன். நடந்தது இவ்வளவே:

“குளிருக்கு முன்னாடி மாத்தணும்” என்றான் ரஸ்ஸல். “சனிக்கிழமை வந்து வேற பக்கமா போட்டுத் தரட்டுமா?”

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

“வா. வரும்போது அவளையும் கூட்டிட்டு வா.”

அழைப்பா, குத்தலா? அவனுக்குப் புரியவில்லை. வேலிக்கு இப்பால் நின்ற எனக்கும்தான். இன்று வெள்ளி. நாளை அந்தக் கதவின் முன் நிற்கப்போவது ஒருவரா இருவரா என்று நான் எழுதப்போவதில்லை. அவள் சொன்ன தொனி உங்களுக்கு எப்படிக் கேட்டதோ, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.