வெறும் நீரில் பத்துத் தவளைகள்

குவென்கா நகருக்கு மேலே மலையோடையில் மிஞ்சியிருந்த இருபது தவளைகளையும் நார்சிசா தன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தோலில் பூஞ்சை நோய். பத்தை மருந்து கலந்த நீரிலும் பத்தை வெறும் நீரிலும் விட்டாள். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

ஐந்தாம் நாள் வெறும் நீரில் இரண்டு செத்தன. நார்சிசா மருந்துக் குப்பியோடு அந்தத் தொட்டியருகே போனாள். கூட வேலை செய்யும் எல்வியா அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்டி. எல்லாத்துக்கும் ஊத்திட்டா அப்புறம் எதோட ஒப்பிட்டுப் பாப்ப?"

"பாத்துக்கிட்டே சாகவிடச் சொல்றியா? உலகத்துலயே இவ்வளவுதான்டி இருக்கு!"

"எனக்கு மட்டும் என்ன கல்நெஞ்சா? நாளைக்கு வரைக்கும் பொறு."

நார்சிசா அழுதுகொண்டே குப்பியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை மருந்து நீரில் ஏழு தவளைகள் மல்லாந்து கிடந்தன. வெறும் நீரில் எட்டும் உயிரோடு இருந்தன. நோயைவிட மருந்தே வேகமாகக் கொன்றிருந்தது. மருந்து நீரில் மிச்சமிருந்த மூன்றையும் நார்சிசா அள்ளி, ஓடைநீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள். ஒன்றுதான் பிழைத்தது.

அந்த மருந்து கூடாது என்று குறிப்பேட்டில் எழுதினாள்.

"சரி, இந்த ஒன்பதுக்கும் இப்ப என்னடி கொடுக்கிறது?" என்று கேட்டாள்.

எல்வியா குறிப்பேட்டை வாங்கி அடுத்த வெற்றுப் பக்கத்தைப் புரட்டினாள்.