வானொலியில் என் வீட்டுக்காரர்

வெண்முத்து சோப்புக்காக நான் ஒரு பல் டாக்டரோடு பதினோரு வருடம் சண்டை போட்டேன். எல்லாம் ரேடியோவில்தான். அவர் கணவர், நான் மனைவி. சட்டைக் கறையைப் பார்த்து நான் எகிறுவேன், அவர் வாரத்துக்கொரு சாக்குச் சொல்லி மழுப்புவார். கடைசியில் சைலஃபோன் நாலு ஸ்வரம் துள்ள, இருவரும் சேர்ந்து "வெண்முத்து!" என்போம். முப்பது விநாடியில் சண்டையும் சமாதானமும் முடிந்துவிடும்.

உண்மையில் நான் அந்தக் கம்பெனியின் டைப்பிஸ்ட். நடிகை வராத ஒரு நாள், வசனத்தை டைப் அடித்தவளுக்கு அது மனப்பாடமாக இருக்கும் என்று மேனேஜர் என்னை இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் அவருடைய மச்சான். மதியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, கிராம்புத் தைலம் மணக்க ஓடி வருவார். கம்பளி தொங்கவிட்ட சின்ன அறையில் ஒரே மைக்கின் முன் இடித்துக்கொண்டு நிற்போம்.

ஊரே எங்களை ஜோடியாக நம்பியது. காய்கறிக்காரம்மா தராசைப் பிடித்தபடி, "உங்க வீட்டுக்காரர் இன்னிக்கி சட்டையில எதைக் கொட்டிக்கிட்டாரு?" என்பார். என் நிஜக் கணவர் பக்கத்தில் பையோடு நிற்பார். "அவரு வாங்குற திட்டுல பாதிதாம்மா எனக்கு வருது," என்று சிரிப்பார்.

பன்னிரண்டாம் வருடம் டாக்டருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. மேனேஜர் ஒரு நாடக நடிகரைக் கொண்டு வந்தார். கணீரென்ற குரல். ஆனால் மூன்றே வாரத்தில் கடிதங்கள் குவிந்தன. "அந்தம்மா எதுக்கு வேற ஆளோட குடித்தனம் பண்ணுது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "பழைய மனுஷன் நல்லாயிருக்காரான்னு தெரியற வரைக்கும் உங்க சோப்பைத் தொடமாட்டேன்," என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அவர் படித்துவிட்டு, மருந்துச் சீட்டில் எழுதிக் காட்டினார்: 'புதுப் புருஷன் எப்படி?' சிரிக்கப் போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் நாற்காலியில் வாயைப் பிளந்திருந்த நோயாளி, "வலிக்குமா டாக்டர்?" என்று குழறினார்.

"ம்ஹூம்," என்றார் டாக்டர்.

அந்த ஒரு ம்ஹூமில் பழைய மழுப்பல் அப்படியே இருந்தது.

"டாக்டர், இது போதும். நாளைக்கு வாங்க."

'பரிதாபப்பட்டுக் கூப்பிட வேண்டாம்' என்று எழுதினார்.

"பரிதாபமா? அந்த ஆளு நான் திட்டினா திருப்பித் திட்டறாரு. எனக்குச் சண்டையே வரமாட்டேங்குது!"

மறுநாள் வந்தார். புது வசனத்தை நானே எழுதி, நானே டைப் அடித்திருந்தேன்.

"மறுபடியும் பாக்கெட்ல மையா?"

"ம்."

"பேனா தானா ஒழுகிச்சா?"

"ம்ஹூம்."

"அப்ப கடிச்சீங்களா?"

டாக்டர் யோசித்தார். எனக்கே பயம் வந்துவிட்டது. பிறகு, செல்லம் கொஞ்சும் பிள்ளைபோல இழுத்து, "ம்ம்ம்," என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். சைலஃபோன்காரர் சிரித்ததில் முதல் ஸ்வரம் சறுக்கியது. அதை மாற்ற வேண்டாம் என்றார் மேனேஜர். "வெண்முத்து!" என்பதை அன்று நான் தனியாகச் சொன்னேன்.

அது முதலில் ஒலிபரப்பான காலை டாக்டர் என்னைக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார். காத்திருந்தவர்கள் ரேடியோவைக் கேட்டு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அப்பாடா, ஐயா திரும்பி வந்துட்டாரு!" என்றார் ஒரு பெரியவர். "கடைசில அந்தம்மா அவரு வாயை அடைச்சுட்டாங்களே!" என்றார் இன்னொருவர்.

டாக்டர் வெள்ளைக் கோட்டோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, அந்தப் பெரியவரையே உள்ளே வரும்படி கைகாட்டினார்.

அதற்குப் பிறகும் நாலு வருடம் அப்படியே குடித்தனம் நடத்தினோம்.