பால் காய்ச்சிய வீட்டில்

அம்சவல்லி நீட்டிய பால் டம்ளரைப் பார்த்ததும் சாரங்கபாணிக்குத் தன்மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கிட்னி போனவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று தஞ்சாவூர் டாக்டர் அளந்து சொல்லியிருந்தார். இந்தப் புதுவீட்டுப் பாலுக்கென்றே காலையிலிருந்து காபியைக்கூடத் தொடாமல், நாக்கை அடக்கி, மிச்சம் பிடித்து வைத்திருந்தார். அப்பா ஒரு வாய்கூடக் குடிக்காத தெருவில், தான் குடித்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பியதே. பாழாய்ப்போன வெயில். வாய்க்கால் மதகைத் தாண்டியதும் தெருக்குழாய் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், மாடு மாதிரி குனிந்து வயிறு முட்டக் குடித்துத் தொலைத்துவிட்டார். இனி ஒரு வாய் போனாலும் ராத்திரி மூச்சு முட்டும். திங்கட்கிழமைதான் அடுத்த டயாலிசிஸ். போன மாதம் கல்யாண வீட்டில் ஒரே ஒரு டம்ளர் பாயசத்தில் ஆரம்பித்தது ஆம்புலன்ஸில் போய் முடிந்தது.

"குடிங்கய்யா, ஆறிப்போவுது."

"எனக்கு ஆவாதும்மா. கிட்னி. அளவாத்தான் குடிக்கணும்."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பண்ணையில் கூலித் தகராறு முற்றியிருந்த வருஷம், சமாதானம் பேச வந்த பண்ணையார் அப்பா இதே தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோர் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு விரதம் என்றார். மறுவாரம் வந்தபோதும் விரதம். பக்கத்தில் அரைக்கால் டவுசரோடு சாரங்கபாணி நின்றிருந்தார்.

அன்று மோர்ச் செம்பைக் கொண்டுவந்து நீட்டியவர், அம்சவல்லியின் அப்பா காத்தான், இப்போது புதுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க அப்பாவுக்கு விரதம். உங்களுக்குக் கிட்னியா?"

குரல் உயரவே இல்லை. அதுதான் சாரங்கபாணிக்குத் தாங்கவில்லை. கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் விளங்கவில்லை. அப்பாமேலா, தெருக்குழாய்மேலா, உண்மையைச் சொன்னாலும் பொய்யாகவே விழுகிற இந்த வாய்மேலா? முழுக்கைச் சட்டையின் இடது கையை விறுவிறுவென்று மேலே ஏற்றினார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறாகப் புடைத்து, தழும்பு மண்டிக் கிடந்தது. சொந்தக்காரர்களுக்குக்கூட அவர் காட்டாத கை.

"தொட்டுப் பாரும்மா."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குடும்பத்தில் யாரும் இந்தத் தெருவில் சொல்லாத வார்த்தை.

அம்சவல்லி அப்பாவைப் பார்த்தாள். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரல்களை மெல்ல வைத்தாள். சட்டென்று எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"என்னய்யா இது, உள்ள மோட்டார் ஓடுறாப்ல இருக்கு?"

"அதுலதாம்மா என் உசுரே ஓடுது," என்றார் எரிச்சலோடு. "உங்கப்பாவையும் வந்து தொட்டுப் பாக்கச் சொல்லு."

காத்தான் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பால்மேல் ஆடை படிய ஆரம்பித்திருந்தது. சாரங்கபாணி நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.